பூட்டின வீட்டில் ஒரு குடம் தண்ணீர்

மும்பை மாட்டுங்காவில் அந்தக் கட்டடத்துக்குக் காலை ஐந்தரைக்குத் தண்ணீர் வரும், ஏழு மணிக்கு நின்றுவிடும். அந்த ஒன்றரை மணி நேரத்தில் குடிக்க, குளிக்க, துவைக்கத் தண்ணீர் பிடிப்பார்கள் மற்ற வீட்டுக்காரர்கள். இரண்டாவது மாடியில் பத்மஜாவின் வீட்டில் மட்டும் அன்றைக்கு முழுக்கச் சண்டை போடுவதற்கான தெம்பையும் சேர்த்துப் பிடித்து வைத்துக்கொள்வார்கள்.

"குழாயை நன்னா பாத்து மூடு. கடல் கடந்து போய் ஒரு வீட்டை முழுகடிச்சது போறும். இதையாவது விட்டு வை" என்பாள் பத்மஜா. மருமகள் ஷ்ருதி சமையலறையில் குடத்தைக் குழாயடியில் வைத்திருப்பாள். பதில் சொல்ல மாட்டாள். சொன்னால் மட்டும் என்ன ஆகப்போகிறது. ஜனவரியிலிருந்து சொல்லிக்கொண்டுதானே இருக்கிறாள், "நான் மூடினேன், நான் மூடினேன்" என்று. கேட்பதற்கு அந்த வீட்டில் ஒரு காது கிடையாது.

விஷயம் இதுதான். பத்மஜாவின் மகன் கேஷவுக்கும் ஷ்ருதிக்கும் கனடாவில் எட்மண்டன் ஊரில் சொந்த வீடு. கேஷவின் கம்பெனி அவனை இரண்டு வருஷத்துக்கு மும்பை ஆபீசுக்கு அனுப்பியது. அவன் செப்டம்பரிலேயே விமானம் ஏறிவிட்டான். அவனுக்கென்ன, இரண்டு பெட்டி, ஒரு லேப்டாப். சாமானைக் கட்டி வீட்டை மூடிவிட்டு வரும் வேலை பெண்டாட்டியின் தலையில். கூடவே, அந்தக் கோடையில் மகன் வீட்டைப் பார்க்க வந்திருந்த மாமியாரையும் பத்திரமாகக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். நவம்பர் நடுவில் இருவரும் கிளம்பினார்கள். ஜனவரியில் அங்கே குளிர் பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்து நாலு டிகிரிக்குப் போனபோது, ஆளில்லாத அந்த வீட்டில் குழாய்கள் வெடித்தன. சமையலறைத் தரை, கீழே நிலவறை, சுவர், கூரை எல்லாம் நாசம். வீடு நாசமானது கூடப் பெரிதில்லை. யாரால் ஆனது என்பதுதான் கேள்வி. அதற்கு மாட்டுங்காவில் எல்லோருக்கும் ஒரே பதில்: ஷ்ருதியால்.

அவள் அந்த வீட்டை மூடின விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவளுக்குச் செய்கிற அநியாயத்தில் நமக்கும் பங்கு வந்துவிடும்.

அந்த ஊர்க் குளிரில் ஆளில்லாத வீட்டுக்குத் தண்ணீர்தான் எமன். குழாய்க்குள் தங்கிய தண்ணீர் உறைந்தால் பெருக்கும். பெருத்தால் குழாய் பிளக்கும். அதனால் வீட்டைப் பூட்டும் முன் ஒரு பொட்டு இல்லாமல் வடித்துவிட வேண்டும். ஷ்ருதி ஒரு காகிதத்தில் வரிசையாக எழுதி, ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டி, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தாள். நிலவறையில் தெருக்குழாய் வீட்டுக்குள் நுழைகிற இடத்தில் சிவப்புக் கைப்பிடியோடு ஒரு வால்வு. கைப்பிடி குழாயோடு நேராக இருந்தால் தண்ணீர் வரும். குறுக்கே திருப்பினால் நின்றுவிடும். அதைக் குறுக்கே திருப்பினாள். பிறகு வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டாள். மிச்சத் தண்ணீர் வடிய வேண்டும், உள்ளே காற்று போக வேண்டும், அப்படியே திறந்து கிடக்க வேண்டும். அதுதான் முறை. வெந்நீர் டாங்கில் ரப்பர் குழாயை மாட்டிக் காலி செய்தாள். கழிப்பறையில் ஃப்ளஷ் டாங்கைத் துடைத்தே எடுத்தாள். வளைவுகளில் தங்குகிற தண்ணீர் உறையாமல் இருக்க இளஞ்சிவப்பாக ஒரு மருந்து விற்கிறார்கள். அதைத் தொட்டிகளிலும் கக்கூஸிலும் ஊற்றினாள்.

பத்மஜா பின்னாலேயே நடந்துகொண்டிருந்தாள். கம்பளித் தொப்பியும் மடிசாருமாக, மேற்பார்வைக்கு வந்த அதிகாரி மாதிரி.

"ரோஸ்மில்க்கை எதுக்குடி கக்கூஸ்ல ஊத்தறே?"

"ரோஸ்மில்க் இல்லைம்மா. தண்ணி உறையாம இருக்க மருந்து."

"குழாயெல்லாம் ஆன்னு தெறந்து கிடக்கே."

"தெறந்துதான் இருக்கணும்மா. பொட்டுத் தண்ணிகூட வீட்டுல நிக்கப்படாது. வால்வையும் மூடிட்டேன், பாத்தேளோல்லியோ? இங்க தண்ணி இருந்தா வீடே போயிடும்."

ஒரு தடவை இல்லை, மூன்று தடவை சொன்னாள். பத்மஜாவுக்கு அது காதில் விழுந்தது, மனசில் விழவில்லை. அறுபது வருஷமாக மாட்டுங்காவில் தண்ணீர் பிடித்தவள் அவள். தண்ணீர் நின்ற வீட்டில் குழாயைத் திறந்து போட்டுவிட்டு வெளியே போவதை விடப் பெரிய பாவம் அங்கே கிடையாது. மூன்றாவது மாடி வாலாம்பாள் அப்படித்தான் ஒரு வருஷம் வறண்ட குழாயை மூட மறந்து குருவாயூருக்குப் போனாள். மறுநாள் ஐந்தரைக்குத் தண்ணீர் வந்தது, மாடிப்படியெல்லாம் அருவி. இன்றைக்கும் அந்தக் கட்டடத்தில் அவளுக்குப் பெயர் குழாய் மாமி.

"செத்தாத்தான்டி ஆத்துல இருக்கற தண்ணியெல்லாம் கொட்டிக் கவுப்பா" என்று முணுமுணுத்தாள் பத்மஜா. "நன்னா இருக்கற வீட்டை இப்படி வறள விட்டுட்டுப் போறதாவது."

ஷ்ருதிக்கு வாக்குவாதத்துக்கு நேரமில்லை. டாக்சி வந்துவிட்டது. பனியில் வழுக்கி வழுக்கி நான்கு பெட்டிகளை ஏற்றினாள். பக்கத்து வீட்டு அக்தர் பானுவிடம் சாவியைக் கொடுத்தாள். அக்தர் பானு நம் மும்பை வடாலாக்காரி, நிக்காஹ் ஆகி அந்த ஊருக்குப் போய் இருபது வருஷம். மாதத்தில் இரண்டு தடவை கதவைத் திறந்து பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். பத்மஜா, "சாமிக்கு ஒரு நமஸ்காரம் பண்ணிட்டு வந்துடறேன்" என்று தனியாக உள்ளே போனாள். கால் மணி நேரம் ஆயிற்று. டாக்சிக்காரன் ஹாரன் அடித்தான். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். ஷ்ருதி கதவைப் பூட்டினாள். பூட்டை இழுத்துப் பார்த்தாள். அவ்வளவுதான்.

ஜனவரியில் ஹீட்டிங் இயந்திரம் தானாக நின்றுபோனது. நிற்கட்டுமே, தண்ணீர் இல்லாத வீட்டுக்கு அது நின்றால் என்ன, ஓடினால் என்ன. ஆனால் வீட்டில் தண்ணீர் இருந்திருக்கிறது. இன்ஷ்யூரன்ஸ் ஆள் வந்து நிலவறையில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஒரே வரியில் எழுதிவிட்டான்: மெயின் வால்வு திறந்திருந்தது. ஆகவே வீட்டுக்காரர் கவனக்குறைவு. ஆகவே எதுவும் கிடையாது.

அந்த வரியைக் கேஷவ் சத்தமாகப் படித்தான். ஷ்ருதி, "நான் மூடினேன்" என்றாள்.

"அப்போ வால்வு தானா எழுந்து திரும்பிண்டுதா?"

"தெரியலை. நான் மூடினேன்."

"ஷ்ருதி, போட்டோ இருக்கு. கைப்பிடி நேரா இருக்கு."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பழி வந்து உட்கார்ந்த இடத்தில் பாவமும் தன்னுடையதுதானோ என்று தோன்ற ஆரம்பித்துவிடுகிறது, அதுதான் கொடுமை. ராத்தூக்கத்தில்கூட அந்தச் சிவப்புக் கைப்பிடியைத் திருப்பிக்கொண்டிருந்தாள். குறுக்கே திருப்பினோமா, திருப்பியதாக நினைத்தோமா? மணிக்கட்டுக்கு நினைவிருந்தது. அது எவ்வளவு இறுக்கமாக இருந்தது, இரண்டு கையாலும் பிடித்து அழுத்தியது, எல்லாம் நினைவிருந்தது. ஆனால் மணிக்கட்டைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற முடியுமா? பிப்ரவரி பிறந்தபோது அவளுக்கே அவள் மேல் சந்தேகம் வந்துவிட்டது.

அந்தச் சமயம் பார்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அபயாம்பாள் வந்தாள். பத்மஜாவின் அக்கா, செம்பூரில் இருப்பவள். ஷ்ருதியின் பிறந்த வீடும் செம்பூர்தான், நாலு தெரு தள்ளி. இங்கே அபயாம்பாள் காதில் விழுந்தது அங்கே ஷ்ருதியின் அம்மா மாலதியின் வாசலில் அன்று சாயங்காலமே போய் நிற்கும். அது பத்மஜாவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் காப்பியோடு சேர்த்து முழுக் கதையையும் பரிமாறினாள்.

"அஞ்சு வருஷமா என் பிள்ளை ஒழைச்சு வாங்கின வீடுக்கா. ஒரு வால்வை மூடத் துப்பில்லை. வால்வு கிடக்கட்டும், குழாயையாவது மூடுவாளோ? எல்லாத்தையும் ஆன்னு தெறந்து போட்டுட்டு டாக்சியில ஏறப் போயிட்டா. நான்தான் ஒண்ணொண்ணா மூடினேன், கேட்டியோ. மேல ரெண்டு, கீழ ரெண்டு, துணி தோய்க்கற எடத்துல ஒண்ணு. நான் மட்டும் மூடலேன்னா என்ன கதி?"

கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த ஷ்ருதி நிமிர்ந்தாள். "குழாயை நீங்க மூடினேளா?"

"பின்னே? ஊரான் வீடா அது, எனக்கென்னன்னு போக?"

"தெறந்துதான் வைக்கணும்னு சொன்னேனேம்மா."

"பாத்தியாக்கா? மூடினதும் தப்பு. இவ தெறந்து போட்டது தப்பில்லை, நான் மூடினது தப்பு. மாமியார்னு ஒருத்தி இருந்தா எல்லாம் அவ மேலதானே விடியும்."

அபயாம்பாள் உச்சுக் கொட்டினாள். "மாலதி பொண்ணை நன்னா வளத்திருக்கான்னுதான் நெனச்சிண்டிருந்தேன்" என்றாள். அம்மாவை இழுத்ததும் ஷ்ருதிக்குள் ஏதோ ஒன்று கழன்று விழுந்தது. குழாயைப் பற்றிய யோசனை அறுந்துபோனது. இந்தப் பேச்சு நின்றால் போதும், செம்பூருக்குப் போகாமல் இருந்தால் போதும் என்று மட்டும் தோன்றியது.

"நான்தான் மறந்திருப்பேன்" என்றாள். மடித்த துணி கையிலேயே இருந்தது. "வால்வை மூடினதா நெனச்சிண்டிருக்கேன். மூடலை போல இருக்கு. தப்பு என்னோடதுதான். மன்னிச்சுடுங்கோ."

பத்மஜாவே இதை எதிர்பார்க்கவில்லை. வெற்றி இவ்வளவு சுலபமாகக் கிடைத்தால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் காப்பி டம்ளரை நகர்த்தி வைத்தாள்.

கேஷவ் ஜன்னலோரம் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தலையைத் தூக்கவில்லை. "விடு, ஷ்ருதி. ஆனது ஆச்சு. உன்னை யாரும் ஒண்ணும் சொல்லலை" என்றான் பெருந்தன்மையாக. ஷ்ருதிக்கு அந்த ஒரு வார்த்தை அன்றைக்கு எவ்வளவு பெரிதாக இருந்தது தெரியுமா? உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். இத்தனைக்குப் பிறகும் இவன் நம்மைத் திட்டவில்லையே என்று நன்றியோடு அழுதாள், பைத்தியக்காரி.

பதின்மூன்று நாள் கழித்து ஒரு சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அக்தர் பானு வீடியோவில் கூப்பிட்டாள். அங்கே வெள்ளிக்கிழமை ராத்திரி. கேஷவ் குளித்துக்கொண்டிருந்தான். பத்மஜா சமையலறையில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஷ்ருதி போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள்.

அக்தர் பானு பேசுவது பம்பாய் ஹிந்தி. இருபது வருஷக் குளிரிலும் அது விறைக்கவில்லை. "பேட்டீ, ஒரு விஷயம் கேட்கத்தான் போன் பண்ணினேன். அந்தப் பித்தளைப் பானையை என்ன செய்யறது? நாளைக்குக் குப்பை வண்டி வருது. கேஷவ் பாய் தூக்கிப் போடச் சொல்லிட்டார். எனக்கு மனசு வரலை. அதுல ஏதோ பேர் வெட்டியிருக்கு, உங்க எழுத்துல. அம்மாவோட பேரா இருக்குமோன்னு உன்னை ஒரு வார்த்தை கேட்கலாம்னு."

"எந்தப் பானை?"

அக்தர் பானு போனைத் திருப்பினாள். அவள் வீட்டு மேஜையில், செய்தித்தாளின் மேல், ஒரு சின்னப் பித்தளைக் குடம். கழுத்திலிருந்து அடி வரைக்கும் பிளந்து, ஒரு பக்கம் உதடு மாதிரி வெளியே மடங்கிக் கிடந்தது. பிளவுக்குப் பக்கத்தில் புள்ளி புள்ளியாக வெட்டின எழுத்து: மாலதி. ஷ்ருதியின் கல்யாணத்தில் அவள் அம்மா சீராக வைத்த குடம். பெட்டியில் புடவைகளுக்கு நடுவில் சுற்றி எட்மண்டனுக்குக் கொண்டு போய்ச் சாமி அலமாரியில் அலங்காரமாகக் கவிழ்த்து வைத்திருந்தாள். கவிழ்த்து, காலியாக.

"இது எப்படி உடைஞ்சுது?"

"ஐயோ, உனக்குத் தெரியாதா? தண்ணி ரொப்பி வச்சிருந்தீங்களே, சாமி முன்னாடி. உறைஞ்சு பிளந்துடுச்சு. நான் முதல்ல பாத்தப்போ பானை பிளந்து நின்னுது, நடுவுல ஐஸ் அப்படியே பானை மாதிரி நிக்குது. அன்னைக்கே போட்டோ எடுத்துக் கேஷவ் பாய்க்கு அனுப்பினேன். வீட்டுத் தண்ணியெல்லாம் வடிச்சேன்னு நீ சொன்னே, அப்புறம் இதுக்கு ஏது தண்ணின்னு எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு. அதையும் கேட்டேன். அம்மா வச்சிருப்பாங்க, விடுங்க, ஷ்ருதிகிட்ட சொல்ல வேண்டாம்னார்."

"என்னிக்கு அனுப்பினீங்க?"

அக்தர் பானு தேடிப் பார்த்தாள். "ஜனவரி இருபத்தொண்ணு."

ஷ்ருதி பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கீழே பூக்காரி ஒருத்தி மல்லிகைச் சரத்தை முழம் போட்டுக்கொண்டிருந்தாள். ஜனவரி இருபத்தொன்று. மன்னிப்புக் கேட்ட ஞாயிறு பிப்ரவரி எட்டு. பதினெட்டு நாள் அந்தப் படத்தைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறான். அபயாம்பாள் முன்னால் அவள் தலை குனிந்து நின்றபோதும் அது அவன் கையிலிருந்த போனில்தான் இருந்தது. "உன்னை யாரும் ஒண்ணும் சொல்லலை."

"தூக்கிப் போடாதீங்க, அக்கா" என்றாள். "என் அம்மா பேருதான் அது. வச்சிருங்க."

சமையலறைக்குள் போனபோது அவளுக்குக் கோபம்கூட இல்லை. கோபம் வரத் தாமதமாகும் சில சமயம். "அம்மா, எட்மண்டன்ல கிளம்பற அன்னிக்கு அந்தக் குடத்துல தண்ணி ரொப்பி வச்சேளா?"

பத்மஜா அவரைக்காயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வச்சேன். அதுக்கென்ன இப்போ? நீதான் வீட்டைச் செத்த வீடு மாதிரி பண்ணி வச்சிருந்தியே. பூட்டிண்டு போற வீட்டுல சாமி முன்னாடி ஒரு நிறைகுடம் வைக்காம வருவாளோ யாராவது? என் மாமியார் காலத்துலேர்ந்து இந்தாத்துல பூட்டிண்டு கிளம்பினா குடம் வச்சுட்டுத்தான் கிளம்பறது. ஆள் இல்லாத வீட்டை அந்தத் தண்ணிதான் பாத்துக்கும்."

"தண்ணி ஏது? ஒரு குழாய்லயும் தண்ணி கிடையாதே."

"அதான் தெரியுமே, நீ அந்தச் செவப்பு வால்வைத் திருப்பினதை நான்தான் பாத்தேனே. கீழ போய் நேரா திருப்பினேன். திருப்பினேனோ இல்லையோ, மேலயும் கீழயும் எல்லாக் குழாயும் கொட்டறது. ஓடி ஓடி மூடினேன். மூச்சு வாங்கிடுத்து எனக்கு. குடத்தை ரொப்பி வச்சுட்டு..." கத்தி நின்றது. "வச்சுட்டு வந்தேன்."

"வால்வை?"

"குழாயெல்லாம் மூடியாச்சே, அப்புறம் வால்வு எதுக்கு?" என்றாள் பத்மஜா. அதைச் சொல்லும்போதே அவள் குரல் இறங்கிப் போனது. அவள் முட்டாளில்லை. மாட்டுங்காவில் தண்ணீர்க் கணக்குத் தெரிந்த மூளை, கொஞ்சம் தாமதமாக எட்மண்டனுக்குப் போய்ச் சேர்ந்தது. அவரைக்காயைத் தட்டில் போட்டாள். முகம் சுண்டியது. ஒரு நிமிஷம்தான். பிறகு இத்தனை வருஷத்து மாமியார் எழுந்து உட்கார்ந்துகொண்டாள்.

"நீ சொல்லியிருக்கணும். தண்ணி இருந்தா வீடு போயிடும்னு என்கிட்ட வெவரமா சொல்லியிருந்தா நான் ஏன் வைக்கறேன்?"

"மூணு தடவை சொன்னேன்."

"உறைக்கற மாதிரி சொல்லலை."

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று நம் ஊரில் சொல்லிவைத்தவர்கள் சும்மா சொல்லவில்லை. இங்கே உடைந்ததோ பித்தளைக் குடம், அதுவும் மருமகளின் அம்மா கொடுத்தது, அதற்கும் மருமகள்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஆனால் ஷ்ருதி அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. குளியலறைக் கதவு திறந்து, தலையைத் துவட்டிக்கொண்டு கேஷவ் வந்து நின்றிருந்தான்.

"அக்தர் பானு போன் பண்ணினா" என்றாள்.

அவன் துவட்டுவதை நிறுத்தினான். என்னவென்று கேட்கவில்லை. கேட்காததிலேயே எல்லாம் வந்துவிட்டது.

"ஜனவரி இருபத்தொண்ணு. உனக்குத் தெரியும்."

"ஷ்ருதி, கேளு. அம்மாவுக்கு எழுபது வயசாறது. தன்னாலதான் வீடு போச்சுன்னு தெரிஞ்சா இடிஞ்சு போயிடுவா. பி.பி. இருக்கு. உன்னைன்னா நாலு வார்த்தை சொல்லுவா, அப்புறம் மறந்துடுவா. நீ ஸ்ட்ராங், தாங்கிப்பேன்னு..."

"நான் மன்னிப்புக் கேட்டப்போ நீ இங்கதான் உக்காந்திருந்தே."

"அப்போ பெரியம்மா வேற இருந்தா. எப்படிச் சொல்றது?"

"நானே மூடலையோன்னு எனக்கே தோணிப்போச்சு, கேஷவ். எனக்குப் புத்தி சரியா இருக்கான்னு தினம் யோசிச்சிண்டிருந்தேன். ராத்திரி எழுந்து உக்காந்துண்டு நான் மூடினேனான்னு உன்னைக் கேட்டேன். ஞாபகம் இருக்கா? தெரியலை, தூங்குன்னே."

"விட்டுத் தள்ளேன். ஒரு வீடு, ஒரு குழாய். அதுக்காக..."

"குடத்தை ஏன் தூக்கிப் போடச் சொன்னே?"

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். நடுவில் பத்மஜா, "நீ தெரிஞ்சா வச்சிண்டிருந்தே?" என்று மகனைக் கேட்டாள். அவளுக்கு அது வேறு ஒரு அடி. இருந்தாலும் மகனைத் திட்ட அவளுக்கு நாக்கு வரவில்லை. அந்த நாக்கு அந்தப் பக்கம் திரும்பிப் பழகினதே இல்லை.

ஷ்ருதி உள்ளே போய்ப் பெட்டியை எடுத்தாள். அரை மணி நேரத்தில் கட்டிவிட்டாள். வீட்டை மூடத் தெரிந்தவளுக்கு ஒரு பெட்டியை மூடுவது எம்மாத்திரம். கேஷவ் கதவோரமாக நின்று, "எங்க போறே? செம்பூருக்கா? எத்தனை நாளைக்கு?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். "மாலதி மாமிகிட்ட என்ன சொல்லப் போறே?" என்றும் கேட்டான். அவனுக்கு அதுதான் பயம். ஷ்ருதி அலமாரிக் கதவைச் சாத்தினாள், தன் பக்கத்து ஜன்னலைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள், ஃபேன் சுவிட்சை அணைத்தாள்.

பெட்டியைக் கூடத்தில் நிறுத்திவிட்டுச் சமையலறைக்குப் போனாள். காலையில் அவளே பிடித்து வைத்த தண்ணீர், எவர்சில்வர் டிரம்மில் முக்கால்வாசி இருந்தது. மேடையில் கவிழ்த்திருந்த எவர்சில்வர்க் குடத்தை எடுத்து நிமிர்த்தினாள். சொம்பால் மொண்டு மொண்டு ஊற்றினாள். அவசரப்படவில்லை. பத்மஜா அவரைக்காய்த் தட்டோடு ஒதுங்கி நின்று பார்த்தாள், என்னவோ குடிக்கத்தான் எடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு. குடம் வாய் வரைக்கும் நிறைந்தது. இடுப்பில் தூக்கிவைத்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் கூடத்துக்குக் கொண்டு வந்து, சாமி அலமாரிக்கு முன்னால் தரையில் இறக்கினாள். தலைப்பால் குடத்தின் வெளிப்பக்க ஈரத்தைத் துடைத்தாள். நமஸ்காரம் பண்ணினாள்.

கேஷவ் புரியாமல் பார்த்தான். பத்மஜாவின் கையில் தட்டு சாய்ந்து அவரைக்காய்த் துண்டுகள் தரையில் உருண்டன.

"என்னடி பண்றே? நாங்க ரெண்டு பேர் இங்க குத்துக்கல்லாட்டம் நின்னுண்டிருக்கோம். ஆள் இருக்கற வீட்டுல எதுக்குடி நிறைகுடம்?"

ஷ்ருதி செருப்பை மாட்டிக்கொண்டாள். பெட்டியின் கைப்பிடியை இழுத்து நிமிர்த்தினாள்.

"யார் இருக்கா?" என்றாள்.

கதவு திறந்தது. பெட்டிச் சக்கரங்கள் மாடிப்படியில் ஒவ்வொரு படியாக இறங்கும் சத்தம் கேட்டது.

"என்னம்மா இது? தண்ணியைக் கொண்டு வந்து எதுக்கு வச்சா? எங்கம்மா போறா இவ?" என்று கேட்டான் கேஷவ்.

பத்மஜா குடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"பூட்டிண்டு போறாடா" என்றாள்.